பதினொரு மணி வெளிச்சம்

கிருமிகளுக்கு எண்ணத் தெரியாது என்பது நம்மிடையே பரவியிருக்கும் மிகவும் வருந்தத்தக்க தவறான நம்பிக்கைகளுள் ஒன்று. படிக்காதவர்கள் இதை ஓரளவுக்கும் படித்தவர்கள் முழுமையாகவும் நம்புகிறார்கள். இதனால் மனித குலத்துக்கு விளைந்த தீங்குகளைச் சொல்லப் புகுந்தால் கதை தொடங்கவே தொடங்காது என்பதால், திருத்தத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு நகரலாம்: கிருமிகள் எண்ணும். விரல் இல்லாததால் விரல் விட்டு எண்ணுவதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கிருமியும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ரசாயனத் துளியை விட்டுக்கொண்டே இருக்கிறது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதைத் தவிர அந்தத் துளிக்கு வேறு பொருள் கிடையாது. தனியாக இருக்கும் கிருமியின் துளி யாருக்கும் எட்டாமல் கரைந்துவிடும். பலவற்றின் துளிகள் சேர்ந்து ஈரம் கனத்துப் போனால், நாம் போதுமான பேர் இருக்கிறோம் என்பது எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகுதான், தனியாகச் செய்யத் துணியாத காரியத்தை அவை செய்யும். சில நோய் உண்டாக்கும், சில ஒன்றாக ஒட்டிக்கொண்டு கோட்டை கட்டும், கடலில் வாழும் சில ஒளிவிடும். தாங்கள் தங்கியிருக்கும் உடம்பையும் அவை சும்மா விடுவதில்லை. அந்த உடம்பு பயந்தால், தவித்தால், எதையாவது அடக்கிக்கொண்டால், அப்போது சுரக்கும் நீரை மோந்து பார்த்து, வீட்டுக்காரர் மனநிலை இன்னதென்று வாடகைக்காரர் அறிவதுபோல அறிந்துகொள்ளும்.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. புன்னைப்பட்டினத்தில் நடந்தது இல்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஊரில், மொராயிஸ் முதலாளியின் இறால் ஷெட்டில் நாற்பது பெண்கள் காலை ஆறு மணியிலிருந்து நின்றபடியே இறால் உரித்தார்கள். ஐஸ் கரைவதற்குள் உரித்தாக வேண்டும், உரிப்பதற்குள் அடுத்த கூடை வந்துவிடும், கூடை வருவதற்குள் விரல் மரத்துவிடும் என்று அந்த ஷெட்டின் காலை நேரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. ஷெட்டுக்குப் பின்னால் இறால் ஓடுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கக்கூஸ் இருந்தது. கக்கூஸுக்கு ஒரு பூட்டு இருந்தது. பூட்டின் சாவி மேற்பார்வையாளர் தனிஸ்லாஸிடம் இருந்தது.

ஒருமுறை அந்தச் சாவி கக்கூஸ் தொட்டிக்குள் விழுந்து, எடுக்க இரண்டு நாளாகிவிட்டதால், மறுபடி விழுந்தாலும் மிதக்கட்டும் என்று தனிஸ்லாஸ் அதைத் தேங்காய் அளவுள்ள சிவப்பு வலைமிதவை ஒன்றில் கட்டி வைத்திருந்தார். கேட்டால் கொடுப்பார், கொடுக்க மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கேட்கிறவளைப் பார்த்து, நாற்பது பேருக்கும் ஐஸ் இறக்கும் ஆட்களுக்கும் கேட்கும்படி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“எதுக்கு?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பு மிதவையைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்து போவதைவிட, ஒரு மணிச் சாப்பாட்டுச் சங்கு ஊதும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதே மேல் என்று ஒவ்வொருத்தியும் முடிவு செய்திருந்தாள். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. தொழிலாளர்களுக்குக் குடிநீர் வைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் வாசலில் ஒரு பானை இருந்தது. சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளரும் இருந்தது. டம்ளருக்குள் ஒரு சிலந்தி வலை பின்னிப் பல வருடமாகக் குடியிருந்தது.

அமலோற்பவத்துக்கு முப்பத்தெட்டு வயது. ஷெட்டில் அவளைவிட வேகமாக உரிப்பவர் யாரும் இல்லை, அவளைவிடக் குறைவாகப் பேசுபவரும் இல்லை. அந்த ஆனி மாதம் மூன்றாவது முறையாகக் குளிர்க்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “ஒரு கிட்னி ஏற்கெனவே சுருங்கிப் போச்சும்மா. இன்னொண்ணாவது இருக்கணும்னா ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். வந்தா உடனே போகணும், அடக்கக் கூடாது. செய்வீங்களா?” என்று கேட்டார். செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்த அமலோற்பவம் மறுநாள் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. இப்படி அடக்க முடியாமல் தவிப்பது உலகத்தில் தான் ஒருத்திதான் என்றும், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் கர்த்தர் வேறு மாதிரி உடம்பைக் கொடுத்திருக்கிறார் என்றும் அவள் நம்பினாள். மற்ற முப்பத்தொன்பது பேரும் இதையே நம்பினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு, கரண்ட் போயிற்று. ஈ வராமல் இருக்க ஜன்னல்களையெல்லாம் அடைத்து வைத்த ஷெட் என்பதால் பட்டப்பகலில் உள்ளே இருட்டு கவிந்தது. அந்த இருட்டில் நாற்பது பெண்களின் எண்பது கைகளும் மணிக்கட்டு வரை நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒளிவிட்டன.

“ஏட்டி அமலோ, கையில என்னட்டி?” என்றாள் அவளுக்கு எதிரே நின்ற ரோசாரி.

“உன் கையில இருக்கதுதான்.”

ரோசாரி தன் கையைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. டார்ச் வாங்கத் தேவையில்ல,” என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது அல்லவா, எல்லாரும் அடுத்த இறாலை எடுத்தார்கள்.

மறுநாளும் பதினொரு மணிக்குக் கைகள் ஒளிவிட்டன. கரண்ட் போகாவிட்டாலும், விளக்கை அணைத்தால் தெரிந்தது. மூன்றாம் நாள் மொராயிஸ் முதலாளி வந்து பார்த்துவிட்டுப் பத்தே முக்கால் மணிக்கு விளக்குகளை அணைக்கச் சொன்னார். நான்காம் நாள் தெருவில் பாதி வந்தது, ஐந்தாம் நாள் மீதி வந்தது. ஆறாம் நாள் டவுன் பஸ்காரர்கள் ‘வெளிச்ச ஷெட்’ என்று ஒரு நிறுத்தத்தையே உண்டாக்கிவிட்டார்கள். ஊர் ஓர் அதிசயத்தை எவ்வளவு சீக்கிரம் வழக்கமாக்கிக்கொள்ளும் என்பதற்குப் புன்னைப்பட்டினம் நல்ல உதாரணம்: பதினைந்தே நாளில் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளை அங்கே கூட்டி வந்தார்கள், கடலுக்குப் போகும் விசைப்படகுகளின் நேரத்தை அதை வைத்து மாற்றினார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் ஷெட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு பெண்ணைப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் போகும்போது, பெண்கள் கை கழுவும் ஐஸ் தண்ணீரில் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலுவை போடாதவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பங்குச் சாமியார் முதலில் இதைக் கண்டித்தார். காட்சி தருவதென்றால் மாதா கோவிலில் தருவாளே தவிர இறால் ஷெட்டில் தர மாட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். திங்கட்கிழமை அவரும் வந்து விரலை நனைத்தார்.

மீன்வளக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் கோமதிநாயகம் சோதனைக் குழாய்களோடு வந்தார். பெண்களின் விரல்களைப் பஞ்சால் துடைத்தார், நுண்ணோக்கியில் பார்த்தார், பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். இறால் ஓட்டின் சத்தை மோப்பம் பிடித்து வந்த கடல் கிருமிகள் இவை. போதுமான எண்ணிக்கை சேர்ந்தால்தான் ஒளிவிடும். ஆனால் இவை ஒரு கையிலுள்ள எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் நாற்பது பேரையும் ஒரே உடம்பாகக் கருதி எண்ணுவது எப்படி என்று தெரியவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

“அதோட, ஏதோ ஒரு தவிப்பு நீர் உங்க எல்லாரோட வேர்வையிலயும் ஒரே நேரத்துல ஏறுதும்மா. அதைத்தான் இந்தக் கிருமி புடிச்சுக்குது. பதினொரு மணிக்கு உங்களுக்கு என்ன தவிப்பு?”

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“வீட்டுக் கவலையா இருக்கும் சார்,” என்றார் தனிஸ்லாஸ்.

பேராசிரியர் குறித்துக்கொண்டார். அவர் எழுதிய பதினான்கு பக்க அறிக்கையில் கக்கூஸ் என்ற சொல்லோ அதற்கு இணையான வேறு சொல்லோ எங்கும் வரவில்லை.

உண்மை வெளிப்பட்டது ரோசாரியால். ஒரு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு, ஓட்டுக்கூடையைக் கொட்டி வருகிறேன் என்று வெளியே போனவள் வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாகத் திரும்பினாள். பதினொரு மணிக்கு விளக்குகள் அணைந்தன. எழுபத்தெட்டு கைகள் ஒளிவிட்டன. ரோசாரியின் இரண்டும் கறுப்பாகவே இருந்தன.

“உனக்கு மட்டும் ஏன்ட்டி வரல?” என்று அமலோற்பவம் மெல்லக் கேட்டாள்.

“எனக்கு எப்படி வரும்? நான் குவியலுக்குப் பின்னால ஒதுங்கிட்டு வந்துட்டேனே,” என்றாள் ரோசாரி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

எல்லாரும் முதலில் தன் கையைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்தில் நின்றவளின் கையைப் பார்த்தார்கள், பிறகு வரிசை நெடுகப் பார்த்தார்கள்.

“ஏளா... அப்பம் உனக்கும்?”

“எனக்கு ஒம்போது மணியிலேருந்து.”

“நான் ஏழு வருசமா நெனச்சேன், எனக்கு மட்டுந்தான் இப்படின்னு!”

“பெரிய ராணின்னு நெனப்பு. இங்க எல்லாரும் அப்படித்தாண்டி!”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு வரிசையில் ஓடியது, ஓடும்போது பெருத்தது, சிரித்தால் அடக்க முடியாது என்பதால் சிலர் காலைப் பின்னிக்கொண்டு சிரித்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள் மேலும் சிரித்தார்கள். அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம், வெளிச்சம் அலை அலையாகக் கூடிக் குறைவதைக் கண்டு கும்பிட்டது. அமலோற்பவம் சிரிக்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். தன்னையும் சேர்த்து முப்பத்தொன்பது. ரோசாரி நாளைக்கு வந்துவிடுவாள். நாற்பது.

சிரிப்புக்குக் காரணம் தனிஸ்லாஸின் காதிலும் விழுந்தது, அவர் மூலம் மொராயிஸ் முதலாளிக்கும் போயிற்று. முதலாளி கெட்டவர் அல்லர். இறாலைத் தவிர வேறு எதையும் யோசித்துப் பழக்கமில்லாதவர், அவ்வளவே. அடுத்த வியாழக்கிழமை கொச்சியிலிருந்து பெரிய கொள்முதல் கம்பெனியின் மேனேஜர்கள் மூன்று பேர் வெளிச்சத்தைப் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் ஒளிவிடும் கையைப் பெட்டியில் படமாகப் போட்டு, ஷெட்டின் இறால் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். வெளிச்சம் குறையக் கூடாது. யாரும் பின்னால் ஒதுங்க முடியாதபடி ஓட்டுக் குவியலை லாரி வைத்து அள்ளினார். வியாழன் அன்று ஒரு மணி வரை சாவி யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்.

“‘எதுக்கு’ன்னு கேக்கக்கூட மாட்டாராக்கும்,” என்றாள் ரோசாரி.

புதன்கிழமை அமலோற்பவத்துக்கு மறுபடி குளிர் வந்தது. இடுப்புக்கு மேலே, முதுகில், சுருங்காத சிறுநீரகம் இருந்த பக்கம் வலித்தது. வேலை முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். அத்தனை வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

“நாளைக்கு நான் தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவேன்,” என்று முடித்தாள். “வந்தா கேப்பேன். எல்லார் முன்னாலயும் கேப்பேன்.”

“நீ மட்டும் குடிச்சா எங்க கையவிட உன் கைதான் பளபளன்னு நிக்கும், மூதேவி,” என்றாள் ரோசாரி. “நாங்களும் குடிச்சிட்டு வாறோம்.”

வியாழக்கிழமை காலையில் புன்னைப்பட்டினத்தின் நாற்பது வீடுகளில் பெண்கள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏதோ நேர்ச்சை என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை.

பத்தரைக்கு மேனேஜர்கள் வந்தார்கள். கூடவே பங்குச் சாமியார், பேராசிரியர். மொராயிஸ் உபசாரத்தில் குறை வைக்கிறவர் இல்லை: வந்தவுடன் ஆளுக்கு இரண்டு இளநீர், பிறகு டீ, பிறகு வெயிலுக்கு இதமாக நன்னாரி சர்பத். விருந்தாளிகள் குடிக்கத் தயங்கியபோது தானும் சேர்ந்து குடித்துக் காட்டினார், தனிஸ்லாஸையும் குடிக்க வைத்தார். பிறகு, எல்லாரும் செய்கிற வழக்கப்படி, விருந்தாளிகளை ஐஸ் தண்ணீரில் கை நனைக்கச் சொன்னார். மூன்று மேனேஜர்களும் முழங்கை வரை நனைத்தார்கள், கூட நின்ற மற்றவர்களும் அவரும் நனைத்துக்கொண்டார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன.

அன்றைய வெளிச்சத்தை நேரில் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றும் குரல் ஏறிவிடுகிறது. கைகளில் தொடங்கி முழங்கைக்கு ஏறி, மேசையில் கிடந்த இறால்களில் பட்டு, ஐஸ் கட்டிகளுக்குள் புகுந்து, கூரைத் தகரத்தின் ஒவ்வொரு ஆணியும் தெரியும்படி ஷெட் முழுவதும் நீலப்பச்சையாக எழும்பி நின்றது. மேனேஜர்களில் மூத்தவர் மலையாளத்தில் ஏதோ சொல்லி நெஞ்சில் கை வைத்தார். வைத்த கை ஒளிவிட்டது.

அவர் கையை எடுத்துப் பார்த்தார். பக்கத்து மேனேஜரின் கையும் ஒளிவிட்டது. சாமியாரின் விரல்கள் அங்கியின் மடிப்புக்குள் இருந்தே மின்னின. “மாதிரியின் அளவு கூடிக்கொண்டே போகிறது!” என்று கத்திய பேராசிரியர், குழாயைப் பிடித்திருந்த தன் கையைக் கண்டதும் கத்துவதை நிறுத்தினார். தனிஸ்லாஸ் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். மொராயிஸ் முதலாளியின் கைகள் எல்லாரையும்விடப் பிரகாசமாக இருந்தன. உபசாரத்துக்காக அவர் மூன்று இளநீர் குடித்திருந்தார்.

“நாப்பத்தேழு,” என்று ரோசாரி எண்ணி முடித்தாள்.

மணி பதினொன்றே கால் ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. விருந்தாளிகள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்கள். அமலோற்பவம் உரித்துக்கொண்டிருந்த இறாலைக் கீழே வைத்தாள். முதுகு நெருப்பாக எரிந்தது. வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொன்பது ஜோடிக் கைகளும் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. மூத்த மேனேஜரின் முன்னால் போய் நின்றாள்.

“சார், இது அதிசயம் ஒண்ணும் இல்ல. கக்கூஸ் பூட்டியிருக்கு. எங்க நாப்பது பேருக்கும் ஒண்ணுக்கு முட்டுது. தினமும் பதினோரு மணிக்கு இதுதான். உங்களுக்கும் இப்பம் முட்டுது.” அவள் ஒளிவிடும் கையை அவர் முன்னால் நீட்டினாள். “எனக்கு ஒரு கிட்னிதான் சார் மிச்சம். சாவியத் தரச் சொல்லுங்க.”

மேனேஜருக்குத் தமிழ் பாதிதான் தெரியும். ஆனால் அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. அவர் தன் கையைப் பார்த்தார், மொராயிஸின் கையைப் பார்த்தார்.

“உள்ளதா?” என்று, நிஜம்தானா என்ற பொருளில், மொராயிஸிடம் கேட்டார்.

மொராயிஸ் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கை பொய் சொல்லவில்லை. அது அவர் வாய்க்கு எதிரே எரிந்துகொண்டிருந்தது. அவர் வேறொன்றும் பேசாமல் ஐஸ் பெட்டிக்கு ஓடி, இறாலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சிவப்பு மிதவையைத் தோண்டி எடுத்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசலுக்கு விரைந்தார். வாசலை அடைத்துக்கொண்டு ரோசாரி நின்றாள். மிதவையை அவர் கையிலிருந்து மெதுவாக, மரியாதையாக, வாங்கிக்கொண்டாள்.

“எதுக்கு மொதலாளி?”

நாற்பது பேருக்கும் ஐஸ் இறக்கும் ஆட்களுக்கும் கேட்டது.

மொராயிஸ் முதலாளி, புன்னைப்பட்டினத்தின் பெரிய மனிதர், நான்கு படகுகளுக்குச் சொந்தக்காரர், தலையைக் குனிந்துகொண்டு, எதற்கு என்று சொன்னார்.

“அப்படியா? பின்னால வாங்க,” என்றாள் ரோசாரி. “அமலோ, நீ முதல்ல போ மக்கா.”

அமலோற்பவம் போனாள். அவள் பின்னால் முப்பத்தொன்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் சாமியார், பேராசிரியர், மூன்று மேனேஜர்கள், தனிஸ்லாஸ், கடைசியில் முதலாளி. வரிசை நகர நகர வெளிச்சம் ஒவ்வொரு ஜோடியாக அணைந்தது. அமலோற்பவம் வெளியே வந்தபோது, கதவருகே ஐஸ் இறக்கும் ஆட்கள் இரண்டு பேர் ஐஸ் உடைக்கும் கட்டையோடு தயாராக நின்றார்கள். அவள் தலையசைத்ததும் பூட்டு இருந்த தாழ்ப்பாளை இரண்டே அடியில் பெயர்த்தெடுத்தார்கள். கடைசி வெளிச்சம் மொராயிஸின் கைகளில் ஒரு மணிக்குச் சற்று முன்பு அணைந்தது. அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் யாருடைய கையும் ஒளிவிடவில்லை.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம் கூட்டம் வந்து, இருட்டில் நின்று, இருட்டையே கும்பிட்டுவிட்டுப் போயிற்று, பிறகு வரவில்லை. கொச்சிக் கம்பெனி இறாலை எடுத்துக்கொண்டது, பெட்டியில் வெறும் இறால் படத்தைப் போட்டது. பேராசிரியர் அறிக்கையோடு பதினைந்தாவது பக்கம் ஒன்றைச் சேர்த்தார். டவுன் பஸ்காரர்கள் இன்னும் ‘வெளிச்ச ஷெட்’ என்றுதான் கூவுகிறார்கள். கார்த்திகையில் அமலோற்பவம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்.

வாசலில் இருந்த பானையை இப்போது ஒரு நாளைக்கு நான்கு தடவை நிரப்புகிறார்கள். டம்ளரில் இருந்த சிலந்தி ஜன்னல் மூலைக்கு இடம் மாறிவிட்டது.